மச்சாள் பறித்த கீரை

மச்சாளை நினைத்தால், குசினியில் மூன்று தண்ணீரில் அலசித் துணியில் பரப்பிய டான்டிலயன் கீரை இலைகள்தான் முதலில் கண்ணில் வருகின்றன. என் அண்ணன் இறந்த பிறகு, அவர் மனைவியான மச்சாள் சிட்னிக்கு வந்து எங்களோடு இருந்தார். மெல்பேர்னுக்குப் படிக்கப் போன என் மகள் விட்டுச்சென்ற இரண்டு முயல்களும் மெல்ல மெல்ல அவருடையவையாகின. காலையில் அவற்றுக்காக வீட்டுக்குப் பின்னாலுள்ள ஓடைக்கரையில் கீரை பறிப்பார். தெருவோரத்தில் பறிக்கமாட்டார், களைகொல்லி அடித்திருப்பார்கள், நாய் நனைத்திருக்கும். அடையாளம் தெரியாத இலையைத் தொடமாட்டார். தெரிந்த இலையையும் ஒரு நுனி கிள்ளி, தான் மென்று பார்த்த பிறகே கொடுப்பார். "வாயில்லாச் சீவன், பிள்ளை. அதுக்குச் சொல்லத் தெரியாது" என்பார்.

ஒரு சனிக்கிழமை வெள்ளை முயல் எதையும் தொடவில்லை. காரில் போகும்போதே மச்சாளின் மடியில் அதன் உயிர் போய்விட்டது. மிருக வைத்தியர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: காட்டு முயல்களிடமிருந்து பரவும் வைரஸாக இருக்கலாம். பூச்சி கொண்டுவந்திருக்கலாம், காட்டு முயல்கள் மேயும் இடத்துக் கீரையிலும் வந்திருக்கலாம், கழுவினால் போகாது. மற்ற முயலுக்கும் தொற்றியிருந்தால் மருந்தில்லை, பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்டார். ஊசிக்கு எடுத்த நாளை, வேலை என்று இரண்டு முறை தள்ளிப்போட்டவள் நான்.

"என்னவாம்?" என்றார் மச்சாள்.

"நெஞ்சு பலவீனமாம்."

"கீரையால இல்லையோ?"

"இல்லை, மச்சாள்."

மறுநாள் காலை நான் எழும்புமுன்பே அவர் ஓடைக்குப் போய்விட்டார். பை நிறைய இலையோடு வந்து, "மற்றது தனிச்சுப்போச்சு. இண்டைக்கு நல்ல இளம் இலை" என்றபடி கூட்டைத் திறக்கப் போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கீரையைச் சொன்னேன், பூச்சியைச் சொன்னேன், நான் போடாமல் விட்ட ஊசியையும் சொன்னேன். ஊசி அவர் காதில் ஏறவேயில்லை.

"அப்ப நான்தான் குடுத்தனான்" என்றார்.

எத்தனை விதமாகச் சொல்லியும் அந்த ஒரு வசனத்தை என்னால் அசைக்க முடியவில்லை. பையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வெகுநேரம் கை கழுவினார்.

மற்ற முயலுக்கு ஒன்றும் வரவில்லை. ஊசியும் போட்டாயிற்று. கடையில் வாங்கிய கொத்தமல்லியை மச்சாளிடம் நீட்டினால், "நீயே குடு பிள்ளை" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். முயலோ என்னைத் தாண்டி அவரைத்தான் பார்க்கும்.

இப்போது மச்சாள் மெல்பேர்ன் பக்கம் கிரெய்கிபர்னில் தன் தங்கையோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்தால், "முயல் சாப்பிட்டுதோ?" என்று கேட்பார். "ஓம், மச்சாள்" என்பேன். என்ன சாப்பிட்டது என்று மட்டும் கேட்கமாட்டார்.