அவசரப்பட்டுச் சொன்ன சாட்சி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஞானப்பூவைத் தெரியாதவர்கள் கிடையாது. நல்ல செய்தி ஒன்று காதில் விழுந்துவிட்டால் போதும், அது வெந்ததா வேகாததா என்று பார்க்கிற பொறுமை அவளுக்கு இல்லை. கணவன் தேவசித்தம் ரயில்வேயில் கிராணி, குமாஸ்தா உத்தியோகம். பெரிய கிராணி வேலை தனக்கு வரும்போலிருக்கிறது என்று அவன் ஒருநாள் வாய்தவறிச் சொன்னான். மாலைக்குள் வரிசை வீடு முழுக்கச் செய்தி போய்விட்டது. வேலை வேறு யாருக்கோ போனது. பாவம், அந்த மனுஷன் ஒரு மாதம் பின்வாசல் வழியாகவே போய்வந்தான்.

1932ஆம் வருஷம் அவளுக்கு இருபத்தாறு வயது. மகள் கிருபைக்கு ஒன்பது மாதம். இடது மார்பில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பால் கொடுக்கிறவளுக்குக் கட்டி வந்தால் யாரும் வேறெதையும் நினைக்கமாட்டார்கள். பால் கட்டியிருக்கிறது என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், மல்லிகைப்பூ வைத்துக் கட்டினாள், முழங்காலில் நின்று ஜெபமும் செய்தாள். எட்டு நாளில் வீக்கம் வடிந்தது.

அவர்கள் போகும் வேதக்கோயிலில் புதன்கிழமை தோறும் மாதர் ஜெபக்கூட்டம். அந்த வாரம் ஆண்டவரிடம் நன்மை பெற்றவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்வது வழக்கம். ஞானப்பூ முதல் ஆளாக எழுந்தாள்.

"எனக்கு மார்ல கட்டி இருந்துச்சு. கர்த்தர் தொட்டாரு, கரைஞ்சு போச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல!"

முப்பது பெண்களும் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்றார்கள். கிள்ளானிலிருந்து வந்திருந்த நாத்தனார் இராஜம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். ஊர் திரும்பியதும் அங்கேயும் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் குளிக்கும்போது கை பட்டது. வீக்கம்தான் வடிந்திருந்தது, கட்டி அப்படியே இருந்தது. இன்னும் கெட்டியாக, அசைத்தால் அசையாமல் இருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? கர்த்தர் சுகமாக்கினார் என்று சபை நடுவில் நின்று சொன்ன வாயால், இல்லை, சுகமாகவில்லை என்றா சொல்வது? தன்னால் ஆண்டவருக்கல்லவா கெட்ட பெயர் வரும் என்று நினைத்தாள். முகத்தில் சிரிப்பும் வயிற்றில் பயமுமாக இரண்டு மாதம் ஓட்டினாள். வேளாவேளைக்குப் பிள்ளைக்கு வலது பக்கமே பால் கொடுத்தாள். தேவசித்தம் என்ன கேட்டாலும் களைப்பு என்றாள். அவனுக்கு ரயில் வரும் நேரம் தெரியும், பெண்டாட்டி மறைக்கிறாள் என்பது தெரியவில்லை.

கிறிஸ்மஸ் பலகாரம் சுட இராஜம்மா கிள்ளானிலிருந்து காலை ரயிலில் வந்தாள். அடுப்படியில் கிருபை தவழ்ந்து வந்து அம்மாவின் மேல் ஏறினாள். குழந்தையின் முழங்கால் இடது பக்கம் பட்டதும் ஞானப்பூ வலியில் சுருண்டுவிட்டாள்.

இராஜம்மா முறுக்கு அச்சைக் கீழே வைத்தாள். "என்ன அது? காட்டு."

"ஒண்ணுமில்ல மதினி."

"காட்டுன்னா காட்டு."

தொட்டுப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எத்தன நாளா இருக்கு?"

ஞானப்பூ உடைந்து அழுதாள். "அது போகவே இல்ல மதினி. நான்தான் போச்சுன்னு சாட்சி சொல்லிட்டேன். இப்ப எப்படி வெளிய சொல்றது? சாமிக்கு மானக்கேடு இல்லையா?"

"அடிப் பைத்தியக்காரி! சாமி மானத்தைக் காப்பாத்த நீ சாகப் போறியா? அவர் மானத்த அவர் பாத்துக்குவாரு. நீ ஒம் பிள்ளையப் பாரு லா!"

எண்ணெய்ச் சட்டியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு இருவரும் புறப்பட்டார்கள். தேவசித்தத்துக்கு ஆள் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புற்றுநோய், உடனே மார்பை எடுக்க வேண்டும், எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார். தேவசித்தம் மனைவியின் கையைப் பிடித்தபடி, "நீ சொல்லு" என்றான்.

"செஞ்சுக்கிறேன். பிள்ளை என் முகம் தெரிஞ்சு வளரணும். ஆனா வியாழக்கிழமைதான் வந்து படுப்பேன். புதன்கிழமை ஒரு வேலை இருக்கு."

அந்தப் புதன்கிழமை அவள் எழுந்து நின்றபோது மறுபடி ஏதோ அற்புதம் என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அன்னைக்கு நான் சொன்னது சரியில்ல. கட்டி போகல. அவசரப்பட்டுட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். பொழைப்பேனான்னு தெரியல. பயமா இருக்கு. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

பின்வரிசையில் கனத்த உடம்போடு வீரம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என் முட்டுவலியும் போகல. ஈஸ்டருக்குப் போச்சுன்னு சொன்னேன். ரெண்டு நாள்தான் போச்சு."

இன்னொருத்தி தலை குனிந்து, "எம்மவன் குடிய விட்டுட்டான்னு சொன்னேன்ல, ஒரு வாரம்தான் விட்டான்" என்றாள். மகளுக்கு நல்ல மாப்பிள்ளை கிடைத்துவிட்டார் என்று சாட்சி சொன்னவள், அந்த மாப்பிள்ளைக்குப் பினாங்கில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்த கதையைச் சொன்னாள். அதைக் கேட்டு யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், அழுதார்கள். கூட்டத்தை நடத்தும் உபதேசியார் கையில் வேதப்புத்தகத்தோடு விழித்தபடி நின்றார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கூட்டத்தை அவர் கண்டதில்லை. கடைசியில் அவளை நடுவில் உட்கார வைத்து, எல்லாரும் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் இருந்தாள். மார்பை எடுத்தார்கள், அக்குள் வரை அறுத்தார்கள். வலி கொஞ்சமில்லை. மயக்கம் தெளிந்த முதல் நாள், இதற்குச் செத்திருக்கலாமே என்றுகூட நினைத்தாள். கட்டு மாற்ற நர்ஸ் வரும்போதெல்லாம் இராஜம்மா பக்கத்தில் நின்று வேதப்புத்தகத்துச் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தாள், அந்தச் சத்தத்தில் இவள் அலறல் வெளியே தெரியாது.

கிருபையைப் பக்கத்து வீட்டு வள்ளியம்மா பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் ஆறு மாதக் கைக்குழந்தை. ஒரு பக்கம் தன் மகன், மறுபக்கம் கிருபை. மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு திருநீற்றோடு ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டிலைச் சுற்றி ஜெபக்கூட்டத்துப் பெண்கள் நிற்பதைப் பார்த்துப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்தாள்.

"எதுக்கு ஒளிக்கிற? எம்பிள்ளைக்குப் பால் குடுத்தவ நீ. தலகாணிக்கு அடியில வை" என்றாள் ஞானப்பூ. இராஜம்மா அதைத் தடுக்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு அது பெரிய காரியம்.

வீடு திரும்பிய அன்று கிருபை தாயைப் பார்த்து வீரிட்டு அழுது வள்ளியம்மாவைக் கட்டிக்கொண்டாள். அறுத்த இடத்தைவிட அது அதிகம் வலித்தது. தேவசித்தம்தான் தேற்றினான். தான் சமைத்த குழைந்த சோற்றைப் பிசைந்து அவள் கையில் கொடுத்து, "இத ஊட்டு. எப்படியும் நல்லா இருக்காது, நீ ஊட்டினா தின்னுவா" என்றான். முதல் வாய் வெளியே வந்தது, இரண்டாவதும் வந்தது. நாலாம் நாள் கிருபை தானாகத் தவழ்ந்து வந்து தாயின் மடியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார் டாக்டர். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே போனாள், ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்பினாள். வரும் வழியில் பாசாரில் மீன் வாங்கிக் குழம்பு வைப்பது பழக்கமாயிற்று. ஒரு வருஷம் கழிந்தது, இரண்டு வருஷம் கழிந்தது. சாட்சி சொல்லேன் என்று கோயிலில் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். சுகமாகிவிட்டேன் என்ற வார்த்தை அந்த வாயாடியின் வாயிலிருந்து வரவே இல்லை.

1938ஆம் வருஷம் ஜனவரியில் ஒரு புதன்கிழமை, கூட்டம் தொடங்கிய பிறகு மூச்சு வாங்க உள்ளே வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"கிருபையப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டு வரேன். நானேதான் கூட்டிட்டுப் போனேன்."