சிலேட்டில் எழுதிய ஊர்

போன வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் காப்பிக்காகக் காத்திருந்தேன். சப்ளையர் கரும்பலகையில் நேற்றைய ஸ்பெஷலை ஈரத்துணியால் துடைத்தார். நனைந்த சாக்பீஸ் வாசனை வந்தது. வந்த காப்பி ஆறிப்போனது. வயசான காலத்தில் எது எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்ல முடிவதில்லை, பாருங்கள்.

எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன காஞ்சிபுரத்தில் தறி நெய்துகொண்டிருந்தேன். அது வயிற்றுக்கு. மனசுக்கு ஒரு புல்புல்தாரா வைத்திருந்தேன். வீணைக்கும் டைப்ரைட்டருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும் அது. ஒரு கை கட்டையை அழுத்த, மறுகை தந்தியை மீட்ட வேண்டும். நான் வாசித்தால் டைப்ரைட்டர் சாயல்தான் தூக்கலாகத் தெரியும். பூட்டு ரிப்பேர் செய்யும் காதர் பாய் டேப் மேளம் அடிப்பார். தோல் தளர்ந்தால் ரெண்டு பிடி வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக்கொள்வார். அந்தப் புகை எங்கள் சட்டையிலேயே குடியிருந்தது. பாடுவது ஏகாம்பரம். என் வயசுக்காரன், குத்தகை நிலத்தில் பயிர் வைத்திருந்தான். குழுவுக்குப் பெயர் வைக்க ஆறு மாதம் சண்டை போட்டோம், கடைசிவரை வைக்கவேயில்லை. நோட்டீசில் 'ஏகாம்பரம் மற்றும் குழுவினர்' என்று போடுவார்கள். அந்த 'மற்றும்' நானும் பாயும்தான்.

எங்களை ஊர் ஊராகக் கூப்பிட வைத்தது ஒரே ஒரு பாட்டு. மழை கேட்கும் பாட்டு, ஏகாம்பரமே கட்டியது. நடுவில் ஒரு இடம் காலியாக இருக்கும். எந்த ஊரில் பாடுகிறோமோ அந்த ஊர்ப் பெயரை அங்கே சொருக வேண்டும். பெயர் விழுந்ததும் சனம் விசில் அடிக்கும், சில பெண்களுக்குச் சாமியே வந்துவிடும். ஆனால் வாயைத் திறந்துவிட்டால், தான் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதே ஏகாம்பரத்துக்கு மறந்துவிடும். அதனால் ஒரு சிலேட்டில் ஊர்ப் பெயரை எழுதி, அவன் கண்ணில் படும்படி புல்புல்தாராவின் மேல் சாய்த்து வைப்பது என் வேலை. கண்ணை மூடிப் பாடுகிறவன், அந்த இடம் வரும்போது மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பான்.

அந்த ஆடி மாதம் பொட்டு மழை இல்லை. முதல் நாள் ஓரிக்கையில் பாடினோம். மறுநாள் மத்தியானம் முசரவாக்கத்தில் கூழ் ஊற்றும் திருவிழா. நான் முந்தானை நெய்து முடித்து, தறியிலிருந்து எழுந்த கையோடு ஓடினேன். மூச்சு வாங்க சிலேட்டை எடுத்துச் சாய்த்தேன். முதல் நாள் எழுதியதை அழிக்கவில்லை.

ஏகாம்பரம் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். 'ஓரிக்கை எல்லையிலே' என்று உச்சியில் இழுத்தான்.

விசில் வரவில்லை. காதர் பாய் டேப்பை ஓங்கி அடித்துப் பார்த்தார். அதையும் தாண்டிக் கூச்சல் எழுந்தது. எழுந்த கூச்சலில் என் கை தானாக வேலை செய்தது. எச்சில் தொட்டு அழித்தேன், பலப்பத்தால் 'முசரவாக்கம்' என்று எழுதினேன். ஊர்ப் பெரியவர் வந்து குனிந்து பார்த்தார்.

"சிலேட்டுல சரியாத்தானப்பா இருக்குது? பாடறவன் கண்ணு எங்க போச்சு?"

ஏகாம்பரம் சிலேட்டைப் பார்த்தான், பிறகு என் விரல்களைப் பார்த்தான். "தப்புதான் பெரியவரே, மன்னிச்சிக்கோங்க" என்றான். நான் தந்தியைத் திருகிக்கொண்டிருந்தேன். கலைந்த சுருதியைச் சேர்க்கிறவன் மாதிரி.

திரும்பும் வழியில் காதர் பாய் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கை வெள்ளையா இருக்குது, கழுவிக்கப்பா."

அதோடு போயிருக்கும். ஆனால் மூன்றாம் நாள் ஓரிக்கையில் மழை கொட்டியது. முசரவாக்கத்தில் ஒரு தூறல்கூட இல்லை. அங்கிருந்து ஏகாம்பரம் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. "எங்க மழைய அவங்களுக்குக் குடுத்துட்டு நீ இங்க படுத்துக்கினு இருக்கிறியா? வந்து திருப்பிப் பாடு. மழை வர்ற வரைக்கும் பாடு." சிரிக்காதீர்கள், அப்போது யாரும் சிரிக்கவில்லை. ஏகாம்பரம் தனியாகப் போனான். "நீயும் வர்றியா?" என்று என்னைக் கேட்டான். தறியில் அவசரப் புடவை இருக்கிறது என்றேன். புடவையும் இல்லை, அவசரமும் இல்லை. அந்தப் பெரியவர் முகத்தில் விழிக்க வெட்கம்.

பத்து நாளோ பன்னிரண்டு நாளோ சாயங்காலம் சாயங்காலம் பாடினானாம். மழை வந்தது. தினம் சோறு போட்ட வீட்டிலேயே பெண்ணும் கொடுத்தார்கள், அங்கேயே தங்கிவிட்டான். பத்திரிகை வந்தது. கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ஆளில்லாத குழுவில் காதர் பாய் என்ன செய்வார், டேப்பை ஆணியில் மாட்டிவிட்டார். எனக்கு அந்த வருஷங்கள் தறிக் குழிக்குள்ளேயே போயின. வீடு நிறைய ஆள் இருந்தும் பேச ஆளில்லை. கால் மிதிகட்டையை மிதிக்கும்போது அவன் பாட்டின் தாளம் வந்துவிடும். நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். முசரவாக்கம் சைக்கிள் தூரம்தான். ஒவ்வொரு ஆடிக்கும் போக நினைப்பேன்.

ரொம்ப காலம் கழித்து ஒரு அம்மாள் மகள் கல்யாணத்துக்குப் புடவை பார்க்க வந்தார். எந்த ஊர் என்று கேட்டேன். முசரவாக்கம் என்றதும் பாட்டுக்கார ஏகாம்பரம் சௌக்கியமா என்றேன்.

"அவரு எங்க ஊட்டுக்காருதான். போன வருஷம் தவறிட்டாரு. நீங்க பாட்டு கேட்டிருக்கீங்களா? எங்க ஊர்ல இன்னமும் கிண்டல் பண்ணுவாங்க, ஊரு பேர மாத்திப் பாடினவருன்னு. அவரு கோச்சிக்கவே மாட்டாரு. என் கூட்டாளி சிலேட்டுல சரியாத்தான் எழுதியிருந்தான், நாந்தான் கண்ண மூடிக்கினு பாடிட்டேன்னு சிரிப்பாருமா... அட, ஆம்பளை உங்ககிட்டப் போய் 'மா'ங்கிறேன்."

புடவையை மடித்துக் கொடுத்தேன். அந்தக் கூட்டாளி நான்தான் என்று அவரிடமும் சொல்லவில்லை.

காதர் பாயும் போய்ச் சேர்ந்தார். திருவிழாக்களில் இப்போது ஸ்பீக்கர்தான் பாடுகிறது. அதற்கு எல்லா ஊரும் ஒன்று. அந்தப் பாட்டு முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். எப்போதாவது புல்புல்தாராவை எடுத்து வாசிக்கிறேன். ஊர்ப் பெயர் வரும் இடத்தில் விரல் நின்றுவிடுகிறது. அன்றைக்கு எச்சில் தொட்டு அழித்ததை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன். சொல்லியிருக்க வேண்டியது அவனிடம். அதுவும் அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். நான் ஒருமுறை அவன் முன்னால் போய் நின்றிருந்தால் போதும்.