மங்கையர்க்கரசி போட்ட ரயில் பாதை

லாஞ்சு என்கிற மோட்டார் படகை ஓட்டும் பன்னீர்செல்வத்தின் மகள் மங்கையர்க்கரசி, 1971-இல் போர்ட் பிளேரில் பி.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தாள். படித்தாள் என்பதைவிடப் பாடப்புத்தகத்தைப் பொறுத்துக்கொண்டாள் என்பதே உண்மை. புத்தகம் இங்கிலீஷ். நடத்திய தஞ்சாவூர்க்காரர் கிருஷ்ணமூர்த்தி, வகுப்பில் எல்லா மொழிக்காரர்களும் இருந்ததால், பாதி இங்கிலீஷ், பாதி இந்தி பேசுவார். அவள் பள்ளிக்கூடம் படித்ததோ தமிழில். இதற்கெல்லாம் மேலே, புத்தகம் எழுதிய மகானுக்கு எதைச் சொன்னாலும் ரயிலை வைத்துத்தான் சொல்ல வரும். நிலைச்செலவா, ரயில். ஏகபோகமா, ரயில். இவள் தீவில் பிறந்தவள். ரயிலைக் காலண்டரில் பார்த்திருந்தாள்.

அதற்காகச் சும்மா இருந்துவிடவில்லை, ஆராய்ச்சியில் இறங்கினாள். மர மில்லில் படகுத்துறை ஜெட்டியிலிருந்து கொட்டகைவரை தள்ளுவண்டிக்குத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். நேரில் போய்ப் பார்த்தாள். நூறு கஜத்தில் முடிந்துவிட்டது. ஆகவே, கப்பலுக்கு ஜெட்டி மாதிரி ரயிலுக்குத் தண்டவாளம். ஸ்டேஷனில் ஏற்றி இறக்க மட்டும் என்று முடிவுகட்டினாள். நடுவில் ஆயிரம் மைலுக்கு எவனாவது இரும்பைப் பரப்பி வைப்பானா?

கல்லூரித் தேர்வு வந்தது. அதில் தேறினால்தான் பல்கலைக்கழகப் பரீட்சை விண்ணப்பத்தில் கிருஷ்ணமூர்த்தி கையெழுத்துப் போடுவார். தேறாவிட்டால் திக்லிபூரில் பாக்குத்தோட்டத்தோடு ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

“இன்னொரு வருஷம்லாம் முடியாது பாப்பா. ஃபெயிலானா கல்யாணம், பக்கா” என்று அப்பா சொல்லிவிட்டார்.

கேள்வி: ரயில்வேக்கு நிலைச்செலவு ஏன் அதிகம்? மங்கையர்க்கரசி துணிந்து மறுத்து எழுதினாள். அதிகமே இல்லை, தண்டவாளம் ஸ்டேஷனில் மட்டும்தான், மற்றபடி வானிலை பார்த்து ரயில் தன் வழியைத் தேர்ந்துகொள்ளும்.

கிருஷ்ணமூர்த்தி அதை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தனியாகச் சிரித்தார். பத்தொன்பது பேரும் அவரையே பார்த்தார்கள்.

“சார், இதுல கலத் க்யா ஹை?” என்று வங்காளிப் பையன் பிமல், தப்பு எங்கே என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

“நானும் அதான் சார் எழுதியிருக்கேன்” என்றாள் முன்பெஞ்சு மஸூதா.

ரயிலைப் பார்க்காதவர்கள் கை தூக்கச் சொன்னார். பதினேழு கைகள். கிருஷ்ணமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று வருஷமாக நடத்தியது எந்த ஊர்ப் பாடம் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆனாலும் அவள் விடைக்குப் போட்ட பூஜ்யம் பூஜ்யம்தான். மாலையில் மங்கையர்க்கரசி விண்ணப்பத்தோடு அவர் அறைக்குப் போனாள்.

“அப்பா லாஞ்சு ஓட்டுறாரு சார். அதுல கேளுங்க, சொல்றேன்.”

“சிலபஸ்ல லாஞ்சு கிடையாதும்மா.”

“எங்க ஊர்ல ரயில் கிடையாதே சார்.”

கிருஷ்ணமூர்த்தி புத்தகத்தை மூடி வைத்தார். “சரி, சொல்லு.”

“ஒருத்தர் ஏறினாலும் நாப்பது பேர் ஏறினாலும் ஜெட்டி அதேதான், இன்ஜின் அதேதான், அப்பா சம்பளமும் அதேதான். ஆளே வராட்டியும் அந்தச் செலவு நிக்காது. நாப்பது பேர்னா தலைக்குக் கொஞ்சம் கொஞ்சம். ஒருத்தர்னா மொத்தமும் அவர் தலையில. அதான் பெரிய ஆபீசர் தனியா ஜம்முனு போறப்ப அப்பாவுக்கு வயிறு எரியும்.”

மகான் பதினோரு பக்கம் எழுதியது இவ்வளவுதான். கிருஷ்ணமூர்த்தி பேனாவை எடுத்தார், மனசாட்சி உறுத்தியது, வைத்தார்.

“ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. தண்டவாளம் வழி முழுக்க இருக்கும்.”

“முழுக்கவா? ஆளே இல்லாத காட்டுக்குள்ளயுமா?”

“ஆமா. பாலத்து மேல, மலைக்குள்ள, மெட்ராஸ்லேர்ந்து டெல்லி வரைக்கும்.”

 ரயில்வேக்காரர்களை நினைத்து மங்கையர்க்கரசிக்குப் பாவமாக இருந்தது.

“அரே! அப்ப ரயில் ஓடுறதுக்கு முன்னாடியே அவங்க காசெல்லாம் தீர்ந்துருக்குமே சார்!”

“அதைத்தாம்மா கேட்டேன்” என்று சொல்லிக் கிருஷ்ணமூர்த்தி விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மை காய ஊதிக்கொண்டே அவள் வெளியே வந்தாள். வாசலில் மஸூதாவைத் தலையாகக் கொண்டு ரயில் பார்க்காத மற்ற பதினாறு பேரும் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றார்கள்.