ஆயருக்கு முன் நின்ற சிப்பாய்

பாரிசவாதம் வந்து பேச்சுப் போன பிறகு என் நண்பனிடம் மிஞ்சியது ஒரேயொரு சொல்: ஓம். "பசிக்குதோ?" என்றால் ஓம். "வயிறு நிறைஞ்சிட்டுதோ?" என்றாலும் ஓம். வலது கையும் விழுந்துவிட்டது.

கொழும்புத்துறைக் கரையில் முப்பது வருடம் வள்ளங்களின் எஞ்சின் திருத்தியவன் அவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் அவன் வீட்டு விறாந்தையில் எங்களுக்குச் செஸ். கத்தோலிக்க வேதக்கார வீடு, அதனால் இங்கிலீசில் பிஷப் எனும் மந்திரிக் காயை நாங்கள் ஆயர் என்றே சொல்வோம். என்னுடைய ஆயரை வெட்டும்போது மட்டும் பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொள்வான், படுபாவி.

ஆஸ்பத்திரியால் வந்து இரண்டு மாதமிருக்கும். அவன் மனைவி என்னைப் படலையில் மறித்தாள்.

"அண்ணை, கனடாவிலையிருந்து மகன் ஒவ்வொரு நாளும் கேக்கிறான், அப்பாவுக்கு விளங்குதோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? நான் ஆரெண்டு தெரியுதோ எண்டு கேட்டன், ஓம் எண்டார். நான் உங்கடை அம்மாவோ எண்டு கேட்டன். அதுக்கும் ஓம்." கண்ணைத் துடைத்தாள். "ஒருக்கா அவரோடை விளையாடிப் பாருங்கோவன்."

காய்களை அடுக்கினேன். முந்தின ஆட்டத்தில் தோற்றவனுக்குத்தான் வெள்ளை என்பது எங்கள் வழக்கம், தோற்றவன் நான். வழமையாக ராசாவுக்கு முன் நிற்கும் சிப்பாயை யோசிக்காமல் இரண்டு கட்டம் தள்ளுவேன். அன்றைக்குக் கை போகவில்லை. ஒழுங்காகத் தொடங்கி, அவன் திகைத்துப்போய் இருந்துவிட்டால்? அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ராசா பக்கத்து ஆயருக்கு முன் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினேன். மடையன்கூட அப்படித் தொடங்கமாட்டான். அவன் இடக்கையால் தன் ராசாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். நான் குதிரைக்கு முன் நின்ற சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி, வழியை முழுக்கத் திறந்துவிட்டேன். அவன் தன் ராணியைச் சாய்வாக ஓடவிட்டால் போதும், என் கதை முடிந்தது. வெல்லட்டும், அவளும் ஆறுதல்படட்டும் என்று நினைத்தேன். அதை இரக்கம் என்றுதான் அப்போது நம்பினேன்.

அவன் கை ராணிக்குக் கிட்டப் போய் நின்றது. என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் சிப்பாய்கள் இரண்டையும் எடுத்து, பழைய இடத்தில் டக் டக்கென்று வைத்தான்.

"ஓம்!" என்று கத்தினான். "ஓம்! ஓம்!"

எண்ணெய்க்குள் தண்ணீரைக் கலந்துவிட்டு எஞ்சினைக் குறைசொல்ல வரும் ஆட்களை ஏசுவானே, அச்சொட்டாக அதே குரல். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. நாற்பது வருடச் சிநேகிதனைச் சின்னப்பிள்ளையாக்கிவிட்டேனே!

"பிழைதான்ரா, மன்னிச்சுக்கொள்," என்றேன். அவன் தன் சிப்பாயையும் திருப்பி வைத்தான். நான் ராசாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன்.

மத்தியானம் வரை விளையாடினோம். ஒவ்வொரு காய்க்கும் நெடுநேரம் எடுத்தான். ஒரு குதிரையைக் கவனிக்காமல் விட்டான்; நான் இரக்கப்படாமல் வெட்டினேன். கடைசியில் தன் ராசாவைத் தானே சரித்துவிட்டு, கதிரையில் சாய்ந்தான்.

"ஆர் வெண்டது, அண்ணை?" என்று அவள் கிட்ட வந்து கேட்டாள்.

"நான்தான். அவன் விட்டுக்குடுக்கேல்லை, தங்கச்சி. நானும் விட்டுக்குடுக்கேல்லை."

அவள் ஓடிப்போய் ஃபோனை எடுத்தாள். அங்கே விடிந்ததோ இல்லையோ, அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

"தம்பி, அப்பா தோத்துப்போனார்!" என்று அழுதழுது கத்தினாள். "வடிவா விளையாடித் தோத்துப்போனாரடா!"