அண்ணாந்து குடிப்பவர்

தொண்ணூறுகளில், ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், மிசிசாகாவில் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் எதையும் உதடு படாமல் அண்ணாந்துதான் குடிப்பார். ஒரு சொட்டும் சிந்தாது. பிரான்சில் தங்கையிடம் போய் வந்தவர், காலையில் ரோமானிய இடிபாடுகள், மத்தியானம் வைன் தோட்டங்கள் என்று ஒருநாள் பஸ் சுற்றுலா போன கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். ருசி பார்க்கக் கொடுத்த வைனையும் அண்ணாந்தே குடித்தாராம். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்களாம்.

"இடிபாடு எப்படி அண்ணை?"

"ஆர் குண்டு போட்டது எண்டு கேட்டன். பஸ்சில கூட்டிக்கொண்டு போய் இடம் காட்டின பிள்ளை சிரிக்குது. ஒருத்தரும் போடேல்லையாம். வயசு போய்த் தானா விழுந்ததாம். குடுத்துவைச்ச கட்டிடம், என்ன?"

பகிடி என்று நினைத்து நானும் சிரித்தேன். அவர் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அண்ணாந்தார். நான் பார்த்த அளவில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவருடைய சட்டைக் கழுத்து நனைந்தது.