சைலன்சரில் இருந்த சல்லடை

1. ஓடாததை வாங்குவது

நான் முதன்முதலில் வாங்கிய மரம் அறுக்கும் மெஷின், விருதுநகரில் ஒரு பழைய இரும்புக்கடையில் ஓட்டை வாளிக்கும் ஃபேன் இறக்கைக்கும் நடுவில் கிடந்தது. நான் குனிந்து எடுக்கும்போதே கடைக்காரர் சொல்லிவிட்டார்: "அது ஓடாதும்மா. ஓடுற மெஷின எவன் எடைக்குப் போடுவான்?"

"ஓடாததுதாண்ணே எனக்கு வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம், "கேட்டீகளா?" என்றார்.

அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலை பார்த்தேன். இளைப்பு வந்ததும் டாக்டர் நிறுத்தச் சொன்னார். என் வீட்டுக்காரர் சாத்தூரில், பூச்சிமருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்குக் கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷன் செய்தும் பொடி ஸ்க்ரூ தெரியவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். அப்படித்தான் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எனக்குப் பழக்கமானது. மரம் அறுக்கும் மெஷினிலும் அதே எஞ்சின்தான்.

சீமைக்கருவேல் வெட்டிக் கரி போடுகிறவர்கள் எல்லாரும் மெஷினுக்கு மாறிய காலம் அது. இரண்டு வருஷத்தில் மெஷின் நின்றுவிடும், மூலையில் போட்டுவிடுவார்கள். அதைத் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாங்கும் இடத்தில் ஸ்டார்ட் கயிற்றை இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் சைலன்சரைக் கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். மேலும் கீழுமாகக் கீறல் இருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோல் ஊற்றி ஜாம் ஆக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கும்பிட்டு வைத்துவிட்டு வாருங்கள். பிஸ்டன் வழவழவென்று இருந்தால் தைரியமாக எடுக்கலாம். மற்றதெல்லாம் சின்னக் கோளாறுதான். பெட்ரோல் ட்யூப் வெடித்திருக்கும், கார்பரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் சவ்வு விறைத்திருக்கும், பிளக் கரி பிடித்திருக்கும்.

2. ஐந்து நிமிஷ ரிப்பேர்

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கரிமூட்டக்காரர் ஓடாத மெஷின் ஒன்றைக் கொடுத்தார். பிஸ்டன் கண்ணாடி மாதிரி இருந்தது. கம்ப்ரெஷனும் நல்ல இறுக்கம். ஸ்டார்ட்டும் ஆனது. ஆனால் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மூச்சுத் திணறி நின்றுவிடும். கார்பரேட்டரை இரண்டு தடவை பிரித்து மாட்டினேன். அரை நாள் போனது.

கடைசியில் சைலன்சர் வாயைப் பார்த்தேன். அதற்குள் பொடிக் கம்பிச் சல்லடை ஒன்று இருக்கும். புகையோடு வரும் நெருப்புப் பொறி வெளியே போகாமல் பிடிப்பதற்காக வைத்தது. ஆயிலை அளவுக்கு மேல் கலந்து ஓட்டியதில், சல்லடை முழுக்கக் கரி அடைத்துத் தோசைக்கல் மாதிரி ஆகியிருந்தது. புகை வெளியே போக வழியில்லை.

நெருப்பில் காட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்ப மாட்டியிருக்க வேண்டும். நான் பிளையரால் பிய்த்துப் போட்டேன். கயிற்றை இழுத்ததும் மெஷின் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்காரர் ஸ்டூலில் இருந்து கேட்டார்: "சத்தம் மாறியிருக்கே, என்னத்த எடுத்த?"

"சல்லடைய. அது இல்லாட்டித்தான் நல்லா இழுக்குது."

"அது சும்மா வைக்கலையே."

"காட்டுல அறுக்கிற மெஷினுக்கு இது எதுக்கு?"

அந்த மெஷினைச் செல்லையா வாங்கிக்கொண்டு போனார். ஊர் ஊராகப் போய் மரம் வெட்டுகிற காண்ட்ராக்ட்காரர், சிரித்த முகம். ஒரு வாரம் கழித்து வந்து, "அக்கா, புது மெஷின் தோத்துச்சு போங்க" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அதற்கப்புறம் வந்த மூன்று மெஷினிலும் சல்லடையைப் பிய்த்தேன்.

3. கேட்டிலிருந்து வந்த போன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். செல்லையா போன் செய்தார்.

"அக்கா, செயின் கொஞ்சம் தொங்குது. எம்புட்டு டைட் வைக்கணும்?"

"கையால தூக்கினா லேசா தூக்கணும், தானா தொங்கக் கூடாது. அம்புட்டுதான்."

"சரிக்கா. போனை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுத்தான் உள்ள போகணும், அதான் முன்னாடியே கேட்டுக்கிட்டேன்."

"எங்கன இருக்கீக?"

"அச்சங்குளத்துல, ஒரு பட்டாசுக் கம்பெனி. காத்துல வேப்பமரம் சாஞ்சு ஷெட்டு மேல கெடக்கு. நாளைக்கு ஆளு வேலைக்கு வரணுமாம்."

சரி என்று வைத்துவிட்டேன். வாரியலை எடுத்து இரண்டு தடவை பெருக்கியிருப்பேன். அப்புறம்தான் உறைத்தது. அவர் கையில் இருப்பது நான் சல்லடையைப் பிய்த்த மெஷின்.

திரும்பக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் போகாது. பன்னிரண்டு வருஷமும் தினமும் காலையில் என்னைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். உரசிப் பொறி வந்துவிடும் என்று தலையில் குத்திய ஊக்கைக்கூட எடுத்து வைத்துவிட்டுப் போவோம். மருந்தறையை எத்தனை தடவை கழுவினாலும் வாசல் மண்ணில் மருந்துத் தூசி கிடக்கும். இதெல்லாம் தெரியாதவள் பிய்த்திருந்தால்கூட மனசு ஆறும். எனக்குத் தெரியும்.

மொபெட்டை எடுத்தேன். வழியெல்லாம் காது வானத்தின் பக்கமே இருந்தது. ஏதாவது சத்தம் கேட்டுவிடுமோ என்று.

கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். "இன்னைக்கு லீவும்மா. யாரப் பாக்கணும்?"

"மரம் வெட்டுறவர நிறுத்தணும். அவரு மெஷின்ல பொறி பறக்கும்."

நான் சொல்லி முடிக்கவில்லை, உள்ளே மெஷின் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் முகம் வெளுத்தது. கேட்டைத் திறந்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார்.

மரம் மூன்றாவது ஷெட்டின் கூரையில் சாய்ந்திருந்தது. செல்லையா சின்னக் கிளைகளை அரிவாளால் கழித்து முடித்து, அடிமரத்தில் செயினை வைக்கக் குனிந்துகொண்டிருந்தார். மெஷின் ஓடும்போது பின்னால் போய்த் தொட்டால் அவர் திரும்புவார், செயினும் சேர்ந்து திரும்பும். அதனால் சுற்றி ஓடி, அவர் கண்ணுக்கு நேராகத் தள்ளி நின்று, முந்தானையை உருவி இரண்டு கையாலும் வீசினேன். நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்தார்.

மெஷின் நின்றதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

4. வேட்டித் துணி

போர்மேன் கோபமாக வந்தார். "யாரும்மா நீங்க? எதுக்கு வேலைய நிறுத்துறீக?"

"இந்த மெஷின ரிப்பேர் பண்ணி வித்தவ நான். சைலன்சர்ல பொறியைப் பிடிக்கிற சல்லடை இல்ல. நாந்தான் பிச்சுப் போட்டேன்."

செல்லையா என்னையே பார்த்தார். "என்கிட்ட சொல்லவே இல்லியேக்கா."

"சொல்லல. தப்புதான்."

போர்மேன் நம்பவில்லை. "பொறி ஒண்ணும் தெரியலையே. லீவு நாளு, உள்ள ஆளே இல்ல. சீக்கிரம் முடிச்சிருவோம்."

"வெயில்ல தெரியாதுண்ணே. வெளியே வாங்க, காட்டுறேன்."

ரோட்டைத் தாண்டி வெறும் கரிசல் காட்டுக்குப் போனோம். மெஷின் துடைக்க வைத்திருந்த பழைய வேட்டித் துணியை மொபெட் பெட்டியிலிருந்து எடுத்தேன். வாட்ச்மேன் அதன் இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ள, சைலன்சர் வாய் அதற்கு நேராக இருக்கும்படி பிடித்து மெஷினை முழு வேகத்தில் ஓட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் போனதும் துணியில் கடுகு அளவில் பழுப்பாக ஒரு புள்ளி விழுந்தது. அது விரிந்து ஓட்டையானது. பக்கத்தில் இன்னொன்று.

அணைத்தேன். போர்மேன் துணியை வாங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அந்த ஓட்டைகள் வழியாக அவர் முகத்தில் வெளிச்சம் விழுந்தது.

"ஞாயித்துக்கெழமதானேன்னு நெனச்சுட்டேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "சல்லடை இருந்தாலும் எஞ்சின உள்ள விட்டிருக்கக் கூடாது. அது என் தப்பு" என்றும் சொன்னார். அப்படிச் சொல்லுகிற போர்மேனை நான் வேலை பார்த்த காலத்தில் கண்டதில்லை.

பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் இழுக்கிற கைரம்பம் வந்தது. மண்ணையும் மரத்தையும் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே அறுத்தார்கள். ஒரு பக்கம் செல்லையா, மறுபக்கம் சாயங்காலம் வரைக்கும் நான். இளைப்பு வந்து வந்து நின்றேன். நான் நிற்கும்போது அவரும் நின்றார். திங்கட்கிழமை ஷெட்டுக்கு லீவு விட்டு மிச்சத்தை அறுத்து முடித்தார்கள்.

5. பிறகு

மதுரையில் ஆர்டர் போட்டு நான்கு சல்லடை வாங்கினேன். செல்லையாவின் மெஷினில் முதலில் மாட்டிக் கொடுத்தேன். மற்ற மூன்று மெஷினை வாங்கியவர்களையும் ஊர் ஊராகத் தேடிப் போனேன். இரண்டு பேர் மாட்ட விட்டார்கள். மூன்றாமவர், "இப்பத்தான் நல்லா ஓடுது, கை வைக்காதீக" என்று கதவைச் சாத்தினார். பட்டாசுக் கம்பெனிப் பக்கமோ காய்ந்த புல்லுக்குப் பக்கமோ கொண்டுபோக வேண்டாம் என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒன்று இன்னும் என் மனசில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

செல்லையா நாலைந்து மாதம் கடைப்பக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள் சாக்கில் சுற்றிய ஓடாத மெஷினோடு வந்தார். யாரிடமோ மலிவாக வாங்கியிருந்தார். இறக்கி வைத்துவிட்டு, "பாருங்கக்கா. ஆனா நான் இங்கனயே உக்காந்துதான் இருப்பேன்" என்றார்.

"இருங்க" என்றேன். ஒவ்வொரு பாகத்தையும் அவர் கையில் கொடுத்து, திரும்ப வாங்கி மாட்டினேன்.

செத்த மெஷின் உயிர் பிடிக்கும்போது ஒரு சந்தோஷம் வரும். தப்பு நடப்பது அப்போதுதான். அதனால் எஞ்சின் ஓடியதும் நான் கை தட்டுவதில்லை. அணைத்துவிட்டு மேஜையைப் பார்க்கிறேன். கழற்றிய சாமான் ஒன்று மேஜையில் மிச்சமிருந்தால், மெஷின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ரிப்பேர் இன்னும் முடியவில்லை.