தண்ணீர் கேட்கப் போன நடவு வரிசை

ஜீப்பின் முன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, தார் ரோட்டின் நடுவில் ஒரு நாற்று முடி, கைப்பிடியளவு நாற்றுக் கட்டு, கிடந்தது. வேரில் ஒட்டியிருந்த சேறு காய்ந்து வெளுத்துப் போயிருந்தது, நுனி மஞ்சளித்திருந்தது. அதற்குப் பின்னால் முப்பது பெண்கள் புரட்டாசி வெயிலில் வரிசையாக உட்கார்ந்து குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். விவசாயிகள் சங்கத்தின் செயலாளராகிய நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். ரோட்டோரப் புளியமரத்தடியில், சங்கத்தின் தீர்மான நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போலீஸ் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமை என்ற சொல்லை யாராவது மேடையில் நீட்டி முழக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புளியமரமும் என் நடுக்கமும்தான் ஞாபகம் வருகின்றன.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் ஊர் காரைக்கால் பகுதியில், போலகத்துக்குப் பக்கம். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் ஷட்டர் நாலு மைல் தள்ளி, எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்தது. காரைக்கால் பாண்டிச்சேரியைச் சேர்ந்தது. ஆகவே நாங்கள் காரைக்காலில் மனு கொடுப்போம். அது பாண்டிச்சேரிக்குப் போகும், அங்கிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு. நாலு மைல் தூரத்துக்கு ஒரு காகிதம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருவதற்குள் நாற்றங்கால் வெடித்துவிடும். அந்த நாளில் அந்தப் பக்கம் மதுவிலக்கு. அங்கிருந்து சாயங்காலமானால் சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் பக்கம் குடிக்க வருவார்கள். அவர்களுக்கு வேண்டியதை நாங்கள் தாராளமாகக் கொடுத்தோம், எங்களுக்கு வேண்டிய தண்ணீர் மட்டும் அங்கிருந்து வரவில்லை என்று நான் சங்கக் கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். கைதட்டலுக்கு ஒரு குறையும் இல்லை.

சங்கத் தலைவர் பெரிய நிலக்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேராக, அதாவது ஊர் நிர்வாகத் தலைவராக, இருந்தவர். ஆகவே தலைமை என்பது வீட்டுப் பாத்திரபண்டத்தோடு தனக்கு வந்து சேர்ந்த சொத்து என்று அவர் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எனக்கு ஆறு மா நிலமும், அதாவது இரண்டு ஏக்கரும், நல்ல கையெழுத்தும் இருந்தன. கையெழுத்துக்காகத்தான் என்னைச் செயலாளராக்கினார்கள்.

இனி அக்காவைச் சொல்ல வேண்டும். இன்று அக்கா என்கிறேன். அன்று, என்னைவிட நாலைந்து வயது மூத்தவரான அவரை, "ஏய், நாளைக்கு ஆள் கூட்டிட்டு வந்துடு" என்றுதான் பேசினேன். ஒருவர் எந்தத் தெரு என்று பார்த்துப் பேசுகிற ஊர் எங்கள் ஊர். அவர் சேரியிலிருந்து முப்பது பெண்களை நடவுக்கு அழைத்து வருபவர். நடவில் கைவேகம் உள்ளவர்கள் முன்னால் ஓடிவிட்டு, பின்தங்கியவர்களைக் கேலி செய்வது எங்கும் உண்டு. அக்காவின் வரிசையில் அது கிடையாது. வரிசையில் யார் கை மெதுவோ, அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, தன் பங்கையும் அவர் பங்கில் பாதியையும் சேர்த்து நடுவார். முப்பது பேரும் ஒன்றாகத்தான் வரப்பில் ஏறுவார்கள். நிலக்காரனான எனக்கு அது வேலை தாமதமாகிற வழியாகப் பட்டது. ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். "சேந்து எறங்குனோம், சேந்து ஏறுறோம். ஒங்க வயலு எங்கயும் ஓடிப்போவாதுங்க ஐயா" என்றார். மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அந்த வருடம் சம்பா நாற்று வயது தாண்டிக்கொண்டிருந்தது. தலைவரும் நானும் இன்னும் பத்துப் பேரும் காரைக்காலுக்குப் போய் மனு கொடுத்து, 'ஆவன செய்யப்படும்' என்று ஒரு காகிதம் வாங்கி வந்தோம். ஊர் எல்லையில் தலைவருக்கு மாலை போட்டார்கள். வழியில் அக்காவும் அவருடைய பெண்களும் நின்றிருந்தார்கள். நடவு இல்லாமல் ஒரு மாதமாக அவர்கள் வீடுகளில் ஒருவேளைக் கஞ்சிதான். அக்கா என்னிடம் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. விரலால் முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார்.

"என்னாங்க ஐயா, ஈரமே இல்லியே!"

மறுநாள் காலை, எங்கள் யாரையும் கேட்காமல், நாற்றங்காலில் ஒரு முடி நாற்றைப் பறித்துக்கொண்டு முப்பது பேரும் எல்லை தாண்டி நடந்தார்கள். செய்தி கேட்டு நானும் ஓடினேன். தடுப்பதற்காகத்தான் ஓடினேன், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஷட்டரைப் பார்வையிட அதிகாரி ஜீப்பில் வரும் நாள் அது என்பதை மீன் விற்க வந்த ஒரு அம்மாளிடம் அக்கா விசாரித்து வைத்திருந்தார்.

எங்கள் பக்கத்து நடவில் ஒரு பழக்கம் உண்டு. நடவு நடக்கும்போது வயலுக்காரரோ வெளியூர் மனிதரோ வரப்பில் வந்தால், பெண்கள் ஒரு நாற்று முடியை அவர் காலடியில் வைத்துக் குலவை போடுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே எதையாவது கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். நாற்றைத் தாண்டிப் போகக் கூடாது, மிதிப்பது பாவம். வயல் வரப்பில் நடக்கிற இந்த விளையாட்டை அக்கா தார் ரோட்டில் கொண்டுவந்து வைத்தார். ஜீப் டிரைவர் அந்தப் பக்கத்து ஆள். நாற்றைப் பார்த்ததுமே என்ஜினை அணைத்துவிட்டார். அதிகாரி கத்தினார். டிரைவர் இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, வேற என்னா வேணாலும் செய்யுறேன். நாத்து மேல வண்டிய ஏத்த மாட்டேங்க" என்றார். அதிகாரிக்கும் பழக்கம் ஓரளவு தெரிந்திருந்தது. முகத்தை மாற்றிக்கொண்டு, சிரித்தபடி சட்டைப்பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். குலவை நின்றுவிட்டது. அக்கா எழுந்து, நோட்டைத் தொடாமலே சொன்னார்.

"காசு வேணாங்கய்யா. நாத்து முத்திக் கணு விட்டுப்போச்சு, பாருங்க. ஷட்டரத் தூக்குங்க."

"இங்க யாரு தலைவர்?" என்றார் அதிகாரி. புளியமரத்தடியில் எனக்கு வியர்த்தது.

"இப்ப நான் பேசுறேங்கய்யா. நான் களைச்சா இவ பேசுவா. இவளும் களைச்சா அவ பேசுவா."

இரண்டு பேர் மட்டும் ஆபீசுக்கு வந்து பேசட்டும், மற்றவர்கள் ரோட்டை விட்டு எழுந்து போகட்டும் என்றார் அதிகாரி. நான் புளியமரத்தை விட்டு வெளியே வந்து, இது நல்ல யோசனை என்று சொல்லத் தொடங்கினேன். எப்போதும் உள்ளே போய்ப் பேசிய இரண்டு பேரில் நான் ஒருவன் அல்லவா. அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தியிடமும் குனிந்து கேட்டுக்கொண்டு வரிசையின் கடைசி வரை போனார். திரும்பி வந்து, "யாரும் எந்திரிக்க மாட்டாங்களாம்" என்றார். பேச வரவில்லை, தண்ணீர் பார்க்க வந்தோம் என்பதையும் சொன்னார். உச்சிவெயில் சாய்வதற்குள் ஷட்டர் உயர்ந்தது. அதிகாரி மனம் இளகியா, ஜீப்பில் உட்கார்ந்து வெந்துபோயா என்பது எனக்குத் தெரியாது. தண்ணீரோடு கூடவே கரையில் நடந்து, அது எங்கள் வாய்க்காலில் திரும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த வாரம் சங்கம் வெற்றி விழா எடுத்தது. தலைவருக்கு மாலை, எனக்குத் துண்டு. அக்காவைக் கூப்பிட ஆள் அனுப்பினோம். அவர் நடவில் இருந்தார், வரவில்லை. வந்திருந்தாலும் எங்கே நிறுத்தியிருப்போம் என்று இன்று யோசித்தால் கூசுகிறது. நாற்காலி மேடையில் ஐந்துதான் போட்டிருந்தோம்.

மறுவருடமும் காலத்தில் தண்ணீர் வரவில்லை. தலைவர் என்னிடம், "அந்தப் பொம்பளைங்கள மறுபடி கூட்டிட்டுப் போப்பா" என்றார், வண்டி மாட்டைக் கேட்பது மாதிரி. நான் போய்க் கேட்டேன். அக்கா களை பிடுங்கிய கையைக் கழுவிவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். "வர்றோங்க. ஆனா சங்கத்துல எங்களையும் சேத்துக்குங்க. தண்ணி எப்ப, யாருக்கு, எப்புடின்னு நீங்க உக்காந்து பேசுறப்ப நாங்களும் உக்காரணும். கூட்டிட்டுப் போற கும்பலா இனிமே வரமாட்டோம்."

நிலம் உள்ளவர்கள்தான் உறுப்பினர் என்பது சங்கத்தின் விதி. விதியை எழுதியவனே நான்தான், அழகான கையெழுத்தில். தலைவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பை நான்தான் அக்காவிடம் கொண்டுபோனேன். ஒரு பெண், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "போயிட்டுத்தான் வருவோமேக்கா, நடவு நடந்தாதான நமக்கும் சோறு" என்றாள். அக்காவின் முகம் அப்போது கலங்கியதை நான் பார்த்தேன். "இந்த வருசம் ஒரு வருசப் பசிடி. இப்ப போயிட்டா எல்லா வருசமும் கூப்புட்ட கொரலுக்கு ஓடணும்" என்றார். பிறகு இந்த முறையும் ஒவ்வொருத்தியாகக் கேட்டார். கைக்குழந்தைக்காரியைக் கடைசியில் கேட்டார். அவள் வெகுநேரம் கழித்துத் தலையாட்டினாள். அன்று முதல் அக்கா வீட்டு உலையில் அவளுக்கும் சேர்த்து அரிசி விழுந்தது.

நாங்கள் ஆண்கள் பதினைந்து பேர் போய் ஜீப்பை மறித்தோம். அதாவது ரோட்டோரமாக நின்றோம். அதிகாரி கைகாட்டிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் வந்தபோது இருபது நாள் தாமதம். பிந்தி நட்ட பயிர் ஐப்பசி மழையில் மூழ்கி அழுகியது. என் ஆறு மாவும் போயிற்று. அக்காவின் பெண்கள் காரைக்காலுக்குப் போய்க் கல் சுமந்தார்கள். அழுகின பயிரின் நாற்றம் என் வீட்டு வாசல் வரை வந்தது. எனக்கு அக்காமேல் கோபம் வந்தது, பிறகு தலைவர்மேல் வந்தது, கடைசியில் அது வர வேண்டிய ஆள்மேல் வந்தது.

தை பிறந்து கூடிய கூட்டத்தில், நிலத்தில் பாடுபடும் எல்லோரும் உறுப்பினராகலாம் என்று விதியைத் திருத்தும்படி எழுந்து சொன்னேன். தலைவர், "நெலமே இல்லாதவங்களுக்குச் சங்கத்துல என்னா வேல?" என்றார். "நெலம் உள்ளவங்க ஒருத்தரும் ஜீப்புக்கு முன்னாடி உக்காரலீங்களே" என்றேன். அவர் முறைத்தார். தீர்மான நோட்டை அவர் முன்னால் வைத்து, திருத்தம் இல்லையென்றால் இனிமேல் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த துணிச்சலான காரியம் அது ஒன்றுதான். அதுவும் ஒரு வருடத்துக்கு மேல் பிந்திச் செய்தது. சின்ன நிலக்காரர்கள் எல்லோரும் அந்த மழையில் அடிபட்டவர்கள். ஒவ்வொருவராக என் பக்கம் வந்தார்கள். திருத்தம் நிறைவேறியது.

இன்று எங்கள் சங்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டு உட்காருகிறார்கள், யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை. அன்று பள்ளிக்கூடத்து பெஞ்சுகள்தான். அந்த வருட ஆவணியில், தண்ணீருக்கான முதல் கூட்டத்துக்கு அக்கா முப்பது பேருடன் வந்தார். வாசலில் தயங்கி நின்றார்கள். "வாங்க, வந்து உக்காருங்க" என்றேன். சில ஆண்கள் பெஞ்சை விட்டு எழுந்து சுவரோரம் போனார்கள். மரியாதைக்காக எழுந்தவர்கள் அல்ல, பக்கத்தில் உட்காரப் பிடிக்காதவர்கள். அக்காவுக்கு அது புரியாமலா இருக்கும். காலியான பெஞ்சுகளில் தன் பெண்களை உட்காரவைத்தார். முன் பெஞ்சில், தலைவருக்கு நேர் எதிரே, தானும் உட்கார்ந்தார்.

தலைவர் வழக்கம்போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அடுத்த வாரம் ஷட்டருக்குப் பெண்கள் முன்னால் போவார்கள் என்று அறிவித்தார். அக்கா கையை உயர்த்தினார்.

"நாங்க போறோங்க. எங்ககூட ரோட்டுல உக்கார ஆம்பளைங்க யாரு யாரு வர்றீங்க? கையத் தூக்குங்க, பாப்போம்."

சுவரோரம் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். பிறகு இரண்டு, மூன்று, அப்புறம் ஆறு கைகள் எழுந்தன, அதோடு நின்றுவிட்டது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிறது, கூட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்றார். பெண்கள் யாரும் அசையவில்லை. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெஞ்சில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணும் அவசரமில்லீங்க. எல்லாரும் தூக்குற வரைக்கும் இருக்கோம்."

எல்லாக் கைகளும் எழுந்தன. கடைசியாக எழுந்தது மேர் வீட்டுக் கை.